துருவுக்குப் பவுடர் பூசாதீர்கள்!

எங்கள் வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தலைகுனிவான கதைதான். ஆனாலும் சொல்கிறேன்.

அம்பத்தூரில் பத்துப் பதினைந்து வருஷமாக நிற்கிற சாதாரண இரும்பு கேட். தீபாவளிக்கு முன்னால் மேஸ்திரி ஒருவர் வந்து பார்த்தார். கீழ்ப் பட்டையை விரல் நகத்தால் சுரண்டினார். செதில் செதிலாக உதிர்ந்தது. ''சார், சுரண்டி, கம்பி பிரஷ் போட்டு, உப்புத்தாள் தேய்ச்சு, ரெட் ஆக்சைடு ரெண்டு கோட்டு குடுத்து அடிக்கணும்னா மூணு நாள் கூலி ஆகும். அப்படியே மேலால அடிக்கிறதுன்னா மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிடலாம். எது வேணும்?''

நான் பி.காம். படித்தவன். மூன்று நாள் கூலி பெரிதா, அரை நாள் கூலி பெரிதா என்று எனக்குத் தெரியாதா? அரை நாளே போதும் என்றேன். மத்தியானத்துக்குள் கேட் கருகருவென்று மின்னியது. பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கார்த்திகை மழை விடுவதற்குள் கீழ்ப் பட்டை முழுக்கக் கொப்புளம். ஒன்றை அழுத்தினேன். பழுப்புத் தண்ணீர் வந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டுச் சண்டை போட்டேன். அவர் நிதானமாகக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: ''பெயின்ட் நல்லாத்தான் சார் இருக்கு. உள்ள இருக்கிற இரும்புதான் போயிடுச்சு.''

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், கடலிலிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற அம்பத்தூரில் ஒரு கேட்டுக்கே இந்தக் கதி. கீழே கடல், இரண்டு பக்கமும் கடல், அடிக்கிற காற்றிலும் உப்பு என்று நிற்கிற ஒரு இரும்புப் பாலத்தை நினைத்துப் பாருங்கள்.

பாம்பன் பாலத்தைத்தான் சொல்கிறேன். புதுசை அல்ல, பழசை.

1914 பிப்ரவரி 24-ம் தேதி திறந்த பாலம் அது. இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிக நீளம். கடலுக்குள் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட தூண்கள். கப்பல் வந்தால் வழிவிட, நடுவில் இரண்டாகப் பிளந்து மேலே எழும்புகிற ஷெர்சர் தூக்குப் பாலம். மோட்டார் கிடையாது. ஆட்கள் நின்று கையால் சுழற்றித்தான் திறந்தார்கள், கடைசி வரைக்கும். எழும்பூரில் போட் மெயில் ஏறி, இந்தப் பாலத்தைத் தாண்டி தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு போன தலைமுறை ஒன்று இருந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தா போயிருக்கலாம். 1988 அக்டோபரில் சாலைப் பாலம் திறக்கும் வரை ராமேஸ்வரம் தீவுக்குப் போக இதை விட்டால் படகுதான்.

1964 டிசம்பர் புயல் உங்களுக்குத் தெரியும். தனுஷ்கோடி போனது. பாலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கர்டர்கள் கடலில் விழுந்தன. தூக்குப் பாலம் மட்டும் அசையாமல் நின்றது. பிற்பாடு டெல்லி மெட்ரோ கட்டிய ஸ்ரீதரன் அப்போது இளம் இன்ஜினீயர். கடலில் கிடந்த கர்டர்களைத் தேடி எடுத்து, 46 நாளில் பாலத்தை மறுபடி நிறுத்தினார். அவருக்கு ரயில்வே விருது கொடுத்தது. கொடுக்கவேண்டியதுதான். நானும் கைதட்டுகிறேன்.

ஆனால் என் கேள்வி வேறு. அந்த 46 நாளைப் பற்றிப் பாட்டி கதை மாதிரி எல்லோரும் சொல்கிறோம். அதற்கப்புறம் 2022 வரை அந்தப் பாலம் இன்னும் ஐம்பத்தேழு வருஷம் நின்றதே, அது எப்படி நின்றது? யாராவது சொல்லியிருக்கிறார்களா? ரயில்வே பாலப் பிரிவுத் தொழிலாளர்கள் சுத்தியலும் சுரண்டியும் எடுத்துக்கொண்டு, காலுக்குக் கீழே கடல் தெரியத் தொங்கி, துருவைத் தட்டித் தட்டி உதிர்த்து, பூச்சு பூசிப் பூசி நிறுத்தினார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போவதற்குள் முதல் முனையில் மறுபடி துரு ஆரம்பித்திருக்கும். உலகத்தில் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கிற இடங்களில் மயாமிக்கு அடுத்தது பாம்பன் என்று பேச்சு உண்டு. தர வரிசையை விடுங்கள். மண்டபத்தில் ஒரு மாதம் சைக்கிளை வெளியே நிறுத்தியவரைக் கேளுங்கள், சொல்வார். அப்படிப்பட்ட இடத்தில் 108 வருஷம் ஓடிய பாலம். அந்தச் சுரண்டித் தொழிலாளிகளில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

பெயின்ட் என்றால் நமக்குக் கலர். அதுதான் கோளாறு. டெண்டர் போடுகிறவருக்கும் கலர், பில் பாஸ் பண்ணுகிறவருக்கும் கலர், திறக்க வருகிற மந்திரிக்கும் கலர்.

இரும்புக்கு அது சட்டை அல்ல, தோல். தோலுக்கும் சதைக்கும் நடுவில் எதுவும் இருக்கக்கூடாது. துருவின் மேல் பூசினால் பெயின்ட் துருவைத்தான் பிடித்துக்கொள்ளும், இரும்பை அல்ல. துரு உதிரும்போது கூடவே பெயின்டும் வரும். கடலோரத்தில் இன்னொரு வில்லன்: உப்பு. துருவை முழுக்க எடுத்துவிட்டோம் என்று நினைப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பு இரும்பின் குழிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவாமல் பூசினால், அந்த உப்பு பூச்சுக்குள்ளிருந்தே ஈரத்தை இழுக்கும். அதுதான் கொப்புளம். என் கேட்டில் கொப்புளம் வந்தால் நான் அவமானப்படுவதோடு போயிற்று.

இன்னொன்றும் இருக்கிறது. பழைய பாலங்கள் வெல்டிங் அல்ல, ரிவெட். தகட்டின் மேல் தகடு வைத்து, ஆணியைக் காய்ச்சி அறைந்தது. இரண்டு தகட்டுக்கு நடுவில் தலைமுடி அளவு சந்து இருந்தாலும் ஈரம் நுழையும். உள்ளே துரு பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது வீங்கி, கனமான தகட்டைக்கூட வளைத்துப் பிரித்துவிடும், ரிவெட் தலையைத் தெறிக்க வைத்துவிடும். மேலே நீங்கள் வெள்ளிக் கலர் அடியுங்கள், தங்கக் கலர் அடியுங்கள், உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஆகவே ஒழுங்காகச் செய்வது என்றால் எப்படி? அழுத்தக் காற்றில் மணல் துகள் மாதிரியான பொடியை அடித்து இரும்பை வெள்ளை வெளேரென்று ஆக்கவேண்டும். இதற்கு நாம் அமெரிக்கா போகவேண்டாம், அம்பத்தூர் எஸ்டேட் பட்டறைகளில் தினமும் பார்க்கிற வேலைதான். கழுவவேண்டும். காயவேண்டும். இரும்பின் சூடு, பனி படிகிற அளவைவிட மூன்று டிகிரியாவது அதிகமா என்று பார்க்கவேண்டும். காற்றில் ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அன்றைக்கு வேலை கிடையாது, டீ குடித்துவிட்டுப் போகலாம். அதற்கப்புறம்தான் முதல் பூச்சு. ஓரங்களுக்கும் ரிவெட் தலைகளுக்கும் கையால் தனியாக ஒரு பூச்சு, ஏனென்றால் கூரான இடத்தில் பெயின்ட் நிற்காது, வழுகும். ஒவ்வொரு கோட்டும் எத்தனை மைக்ரான் என்று கருவி வைத்து அளக்கவேண்டும். பழைய பூச்சில் ஈயம் இருந்தால் சுரண்டிய தூசி கடலில் விழாமல், தொழிலாளி மூக்கில் ஏறாமல் கூடாரம் கட்டி அள்ளவேண்டும். செலவில் பெரும் பகுதி இதற்கெல்லாம்தான் போகும். பெயின்ட் டப்பாவுக்கு ஆகிற காசு அதில் சின்னப் பங்கு.

ஸ்காட்லாந்தில் ஃபோர்த் ரயில் பாலம் என்று ஒன்று. 1890-ல் திறந்தது, நம் பாம்பனுக்கு அண்ணன். அதற்குப் பெயின்ட் அடிப்பது முடியவே முடியாது, ஒரு முனை முடியும்போது அடுத்த முனையில் ஆரம்பிக்கவேண்டும் என்று இங்கிலீஷில் ஒரு சொலவடையே உண்டு. அவர்கள் 2002-ல் உட்கார்ந்தார்கள். நூறு வருஷத்துப் பழைய பூச்சுகளை அடி வரை உரித்தார்கள். வட கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு அடிக்கிற ரகத்தில் மூன்று கோட். நடுப் பூச்சில் கண்ணாடிச் செதில் கலந்தது. சுமார் 2,30,000 சதுர மீட்டர். 2011 டிசம்பரில் முடித்தார்கள். கிட்டத்தட்ட பத்து வருஷம்! இருபத்தைந்து வருஷமாவது தாங்கும் என்றார்கள். 2015-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ரயில் இன்னமும் ஓடுகிறது.

வெள்ளைக்காரன் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. ஈஃபில் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சுமார் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் அறுபது டன் பெயின்ட். 2024 ஒலிம்பிக்ஸுக்காக அதை மினுக்கியபோது, 'உள்ளே துரு இருக்கிறது, உரித்துவிட்டு அடியுங்கள்' என்று நிபுணர்கள் எழுதிய அறிக்கைகளை ஒதுக்கிவிட்டு மேலால் அடிக்கிறார்கள் என்று 2022-ல் பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்று போட்டு உடைத்தது. பாரிஸிலும் நம் அரை நாள் மேஸ்திரி வேலை நடக்கிறது.

சரி, மேலால் அடித்தால் என்ன ஆகிவிடும்? குஜராத்தில் மோர்பி தொங்கு பாலம் என்ன ஆனது? ராஜா காலத்துப் பாலம். பராமரிக்கிற பொறுப்பு, கடிகாரம் செய்கிற ஒரு கம்பெனியிடம். சில மாதம் மூடி வைத்து 'புதுப்பித்தார்கள்'. 2022 அக்டோபர் 26, குஜராத்தி வருஷப் பிறப்பு அன்று திறந்தார்கள். நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அறுந்து விழுந்தது. 135 பேர் செத்தார்கள். எத்தனையோ குழந்தைகள். அரசு அமைத்த விசாரணைக் குழு பிறகு சொன்னது: அறுந்த பிரதான கேபிளில் இருந்த 49 கம்பிகளில் 22 கம்பிகள் விபத்துக்கு முன்பே துருப்பிடித்து அறுந்து போயிருந்திருக்கலாம். நடைபாதைக்கு மட்டும் பளபளவென்று புது அலுமினியத் தளம். அது பழைய மரப் பலகையைவிட கனம் வேறு. காலில் மிதிபடுகிற இடத்தை மாற்றினார்கள், தாங்குகிற இடத்தை விட்டார்கள்.

என் கேட்டுக்கும் மோர்பிக்கும் நடுவில் இருப்பது அளவு வித்தியாசம்தான் என்று நினைத்தபோது அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் இப்படிச் செய்கிறோம்? கொஞ்சம் கணக்கு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். காமர்ஸ் முதல் வருஷத்தில் செலவை இரண்டாகப் பிரிக்கச் சொல்லித் தருவார்கள். மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு. புதுப் பாலம் கட்டினால் மூலதனச் செலவு. சொத்துக் கணக்கில் ஏறும். பழைய பாலத்தைச் சுரண்டினால் வருவாய்ச் செலவு. அந்த வருஷத்தோடு கரைந்துபோகும். புத்தகத்தில் அது வெறும் நஷ்டம் மாதிரி தெரியும். பட்ஜெட்டில் கத்தி விழுந்தால் முதலில் வெட்டுப்படுவது அதுதான். அடிக்கல் நாட்ட முடியாது, ரிப்பன் வெட்ட முடியாது, கல்வெட்டில் பேர் போட முடியாது. 'இந்த ரிவெட்டின் துருவை மாண்புமிகு இன்னார் அகற்றினார்' என்று எங்கேயாவது கல்வெட்டு பார்த்திருக்கிறீர்களா? தேய்மானம் என்று ஒரு தலைப்பு உண்டு. வருஷா வருஷம் சொத்தின் மதிப்பைக் குறைத்து எழுதிக்கொண்டே வருவோம். கடைசியில் மிஞ்சுவது காயலாங்கடை விலை. கணக்குப் புத்தகத்தில் பாலம் என்றைக்கோ செத்துவிடுகிறது. கடலில் நிற்பது அதற்குத் தெரியாது.

பழைய பாம்பன் பாலத்துக்கு வருவோம். 2007-ல் அதை அகலப் பாதைக்கு மாற்றினார்கள். 2013 ஜனவரியில் ஒரு படகு வந்து மோதியது. 2018 டிசம்பரில் தூக்குப் பாலத்தில் விரிசல் கண்டு ரயிலை நிறுத்தினார்கள், சரிசெய்து மறுபடி ஓட்டினார்கள். 2022 டிசம்பர் 23-ம் தேதி மொத்தமாக நிறுத்தினார்கள். தூக்குப் பாலத்தில் துரு மிஞ்சிவிட்டது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்தாயிற்று. சுமார் 550 கோடி. 72.5 மீட்டர் நீளத் துண்டு ஒன்று லிஃப்ட் மாதிரி நேராக மேலே போகிறது. அழகாகத்தான் இருக்கிறது. பழைய பாலத்தை அகற்றுவது என்ற முடிவும் அதே வருஷம் வெளியே வந்தது.

இன்ஜினீயர்கள் என்னை அடிக்க வருவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பழைய பாலத்தில் மறுபடி ரயில் விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதற்கு வயதாகிவிட்டது. புதுப் பாலம் தேவை. அதில் எனக்குச் சண்டை கிடையாது. சண்டை இரண்டு இடத்தில்.

ஒன்று, புதுப் பாலத்தைப் பற்றிச் சொல்கிற ஒரு வார்த்தை. பாலிசிலாக்சேன் என்று நவீனப் பூச்சு அடித்திருக்கிறோம், முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தாங்கும் என்கிறார்கள். நல்ல பூச்சுதான், தாங்கட்டும். ஆனால் திறப்பதற்கு முன்பே, 2024 நவம்பரில், ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை அங்கங்கே துரு ஆரம்பித்துவிட்டது என்று குறிப்பிட்டது. மற்றக் குறைகளையும் கடுமையாகவே எழுதியது. ரயில்வே விளக்கம் கொடுத்தது. அதைத் தனியாகப் பேசலாம். எனக்குப் பயம், 'முப்பத்தைந்து வருஷம் தாங்கும்' என்பதை யாரோ ஒரு அதிகாரி 'முப்பத்தைந்து வருஷம் பார்க்கவேண்டாம்' என்று படித்துவிடுவார் என்பதுதான். ஸ்பானர் பட்டு ஒரு கீறல் விழுந்தால் போதும். பறவை எச்சம் போதும். ஹௌரா பாலத்தில் மக்கள் துப்பிய பான் எச்சிலே தொங்கு கம்பிகளின் அடியில் இருந்த ஆறு மில்லிமீட்டர் இரும்பு மூடியைப் பாதிக்கும் கீழே அரித்துவிட்டது. கடைசியில் கண்ணாடியிழை உறை மாட்டினார்கள். எச்சிலுக்கே இந்தப் பாடு என்றால் பாக் நீரிணை சும்மா இருக்குமா?

இரண்டு, அந்தத் தூக்குப் பாலம். அதையாவது நினைவுச் சின்னமாக வைக்கவேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நல்லது. வையுங்கள். ஆனால் எப்படி வைக்கப் போகிறோம்? நம் ஊரில் சின்னங்களை வைக்கிற லட்சணம் நீங்கள் பார்த்ததுதான். அலுவலக வாசல்களில் புல்தரை நடுவே ஒரு பழைய நீராவி இன்ஜின் நிற்கும். யாராவது பெரிய அதிகாரி வருகிறார் என்றால் முந்தின நாள் ராத்திரி அதற்குக் கறுப்பு பெயின்ட். சக்கரத்துக்கு வெள்ளைக் கோடு. அடுத்த அதிகாரிக்கு அதன் மேல் இன்னொரு கோட். பெயின்டின் கனத்தில்தான் வண்டி நிற்கிறதோ என்று எனக்குச் சந்தேகம். ஒரு நாள் குழந்தை ஏறிப் படியில் கால் வைக்கும், படி கையோடு வரும்.

ராஜமுந்திரியில் கோதாவரி மேல் 1900-ல் திறந்த ஹேவ்லாக் பாலம், 1997-ல் ரயில் நின்றதிலிருந்து பல வருஷம் சும்மா நின்றது. சுற்றுலா ஆக்கப்போகிறோம் என்று எத்தனையோ பேச்சு. பக்கத்து கேரளத்தில் புனலூர் தொங்கு பாலத்தை, 1870-களில் கட்டியதை, தொல்லியல் துறை எடுத்துப் பழுது பார்த்து, ஆட்கள் நடக்க விட்டிருக்கிறது. இரண்டு வழியும் கண்ணெதிரே இருக்கிறது.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தூக்குப் பாலத்தைக் கரைக்குக் கொண்டுவருகிறீர்களா, இருக்கிற இடத்திலேயே விடுகிறீர்களா, அது நிபுணர் பாடு. எதுவானாலும், வைக்கிற அன்றைக்கே அதன் பூச்சுக்கென்று ஒரு தொகையை வைப்பில் போடுங்கள். வட்டியில் சுரண்டட்டும். காரைக்குடியில் இரும்பு அரிப்பைப் பற்றியும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; மண்டபத்தில் அவர்களுக்குக் கூடமே உண்டு. பாலத்தை எட்டிப் பார்க்கிற தூரம். அவர்கள் சொல்கிறபடி உரித்து, கழுவி, அளந்து பூசுங்கள். டெண்டரில் 'பெயின்டிங்' என்று ஒரு வரி போட்டு, சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று குறைந்த விலைக்காரனுக்குக் கொடுக்காதீர்கள். சுரண்டுவது ஒரு வரி, கழுவுவது ஒரு வரி, பூசுவது ஒரு வரி. சுரண்டி முடித்த இரும்பை ஒரு ஆள் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகே முதல் கோட். பூசிய பிறகு வந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது, என் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாதது போலவே.

ரயில் பாலத்து கர்டர்களில் பெயின்ட் அடித்த தேதியை ஓரமாக எழுதி வைக்கிற வழக்கம் உண்டு. அடுத்த முறை ஏதாவது பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலில் எட்டிப் பாருங்கள். அதே வழக்கத்தை நம் ஊர் நடைமேம்பாலங்களுக்கும், ஏரிக்கரை இரும்புப் படிகளுக்கும், பூந்தமல்லி ரோட்டில் தலைக்கு மேலே நிற்கிற ராட்சச வழிகாட்டிப் பலகைக் கம்பங்களுக்கும் கொண்டுவாருங்கள். 'பெயின்ட் அடித்த தேதி' என்பதற்கு மேலே இன்னொரு வரி சேருங்கள்: 'துரு சுரண்டிய தேதி'. சுரண்டியவர் பெயரையும் போடுங்கள்.

மேஸ்திரியை மறுபடி வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று நாள் கூலிதான். கீழ்ப் பட்டையை வெட்டி எடுத்துப் புதுசு வைக்கவேண்டுமாம், அதற்கு வெல்டர் தனி.